சாமிக்குப் பயந்தால்தான் யோக்கியனா?

திருவேற்காட்டுக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கருமாரியம்மனைத் தரிசிக்கப் போகிறார் என்றே கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி வரை போய்த் திரும்பினால் போதும். எலுமிச்சம்பழ மாலையும் வேப்பிலையும் விற்கிற கடைகளே பிறகு வழிகாட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புதிதாகக் கடை திறப்பவர், வாங்கிய வண்டிக்குப் பூசை போடுகிறவர், நேர்த்திக்கடன் செலுத்த வந்த குடும்பம் என்று எல்லோருக்கும் அம்மனிடம் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் பத்துப் பேரை நிறுத்தி, "சாமி பயம் இல்லாதவனை நம்பிக் கைமாற்று கொடுப்பீர்களா?" என்று கேட்டால் எத்தனை பேர் தலையை ஆட்டுவார்கள்? அமெரிக்காவிலுள்ள பியூ ஆராய்ச்சி மையம் ஏறக்குறைய இதே கேள்வியை 2019-ம் ஆண்டில் 34 நாடுகளில் கேட்டது. ஒழுக்கமாக இருப்பதற்குக் கடவுள் நம்பிக்கை அவசியம் என்று இந்தியாவில் நூற்றுக்கு 79 பேர் சொன்னார்கள். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் 96 பேர். சுவீடனில் வெறும் 9 பேர். சுவீடன்காரர்கள் ஒருவர் பையில் ஒருவர் கைவிட்டுக் கொண்டிருக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. நம்முடைய 79 பேர் எல்லோரும் நாணயஸ்தர்கள் என்று அடித்துச் சொல்வதற்கும் நமக்குத் துணிவு வராது. ஆனால் ஜனங்கள் இப்படி நினைப்பதற்குக் காரணம் இல்லாமல் போகவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒருவனைத் தடுத்து நிறுத்துவது எது என்ற கேள்விக்கு, "மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்பதைவிடச் சுருக்கமான பதில் எளிதில் கிடைக்காது.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்ப்பதற்குத் திருவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். காரணம் அம்மன் கோயில் அல்ல. அங்கிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் பழைய சிவன் கோயில். வேதபுரீசுவரர் கோயில் கொண்ட அந்தத் தலம் ஞானசம்பந்தர் பதிகம் பெற்றது. அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர் இந்த ஊர்க்காரர். கோயிலில் அவருக்குச் சன்னிதியும் உண்டு. அவருடைய தொழில் என்னவென்று தெரியாமலே கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அவர் தொழில் சூதாட்டம்.

சூதாடிய அடியார்

மூர்க்க நாயனார் வரலாற்றைச் சொல்பவர் சேக்கிழார். அவரும் தூரத்து ஆள் அல்ல. பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூரில் பிறந்தவர். 12-ம் நூற்றாண்டில் சோழ மன்னனிடம் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. ஒரு பக்கத்து ஊர்க்காரரைப் பற்றி எழுதுகிற பரிவும், மந்திரி பதவியில் நாலையும் பார்த்தவருடைய எச்சரிக்கையும் அந்தப் பகுதியில் தெரிகின்றன.

கதை இது. தொண்டை நாட்டில் வேற்காட்டில் வேளாளர் குடித் தலைவராக இருந்த ஒருவர், சிவனடியார்களுக்கு நாள்தோறும் அமுது படைத்த பிறகே தாம் உண்பது என்று விரதம் பூண்டிருந்தார். அடியார் கூட்டம் பெருகியது. கைப்பொருள் தீர்ந்தது. அடிமைகளையும் நிலத்தையும் விற்றார். அதுவும் தீர்ந்தது. விற்பதற்கு மேற்கொண்டு ஒன்றுமில்லை என்றானபோது, இளமையில் கற்ற வித்தை ஒன்று நினைவுக்கு வந்தது. அது சூது. ஊரிலேயே ஆடி ஜெயித்து, அந்தப் பணத்தில் அன்னமிட்டார். நாளாக ஆக உள்ளூரில் அவரோடு ஆட ஆள் இல்லாமல் போய்விட்டது. ஊர் ஊராகப் போய், ஆங்காங்கே கோயில்களைத் தரிசித்து, ஆங்காங்கே சூதாடி, கடைசியில் குடந்தைக்கு, அதாவது இன்றைய கும்பகோணத்துக்கு, வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் ஆடிய முறையைக் கவனிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் தோற்பார். எதிரிக்கு ஆசை பிறக்கும். அடுத்தடுத்த ஆட்டங்களில் எல்லாம் ஜெயித்துவிடுவார். தோற்றவன் மறுத்துத் தகராறு செய்தால் உடைவாளை உருவிக் குத்திவிடுவார். அதனால் வந்த பெயர்தான் மூர்க்கர். பெற்றோர் இட்ட பெயர் மறைந்தே போயிற்று. நற்சூதர் என்றும் ஒரு பெயர் உண்டு. ஜெயித்த பணத்தைத் தம் கையால் தொடமாட்டாராம். சமையல்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்ச் சமைப்பார்கள். அடியார்கள் எல்லோரும் உண்ட பிறகு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவார்.

இன்றைக்கு ஒருவர் இப்படிச் செய்தால் போலீஸ் நிலையத்தில் அவர்மேல் எத்தனை வழக்குகள் பதிவாகும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆயினும் சைவ உலகம் அவரை நாயனாராகக் கொண்டாடுகிறது. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

இதைப் படித்ததும் இரண்டு கட்சியாரும் துள்ளி எழுவார்கள். "பக்தி இருந்தால் சூதும் கொலையும்கூடப் புண்ணியம் என்கிறதே உங்கள் புராணம்!" என்பார் நாத்திகர். "அன்பின் முதிர்ச்சியை உலக அளவுகோலால் அளக்கக் கூடாது" என்பார் பக்தர். இரண்டு பேருமே சேக்கிழாரைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஏனென்றால் சேக்கிழாரே அளக்கிறார். பணத்தைக் கையால் தொடவில்லை என்று அவர் எதற்காகச் சொல்ல வேண்டும்? கடைசிப் பந்தியில் உண்டார் என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? குத்துப்பட்டவன் சும்மா இருந்தவன் அல்ல, ஆட்டத்தில் தோற்று மறுத்தவன் என்று எதற்காகக் காட்ட வேண்டும்? சிவபக்தி ஒன்றே எல்லாவற்றையும் நியாயமாக்கிவிடும் என்றால் இந்த விவரங்கள் ஒன்றும் வேண்டியதில்லை. கேட்கிறவர்கள் மனத்தில் "சூது தப்பாயிற்றே" என்ற முள் குத்தும் என்பது கவிக்குத் தெரியும். அவருடைய மனத்திலும் அது குத்தியிருக்க வேண்டும். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, ஜெயித்தாலும் வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுப் போன நாடு இது. ஆகவே அந்தப் பழைய அளவுகோலை எடுத்து, அடியார் சுயநலத்துக்காக ஆடவில்லை என்று காட்டி, அவரைக் கரை சேர்க்கிறார். பக்தியைக் கொண்டு அறத்தை அளக்கவில்லை; அறத்தைக் கொண்டு பக்தனை அளந்திருக்கிறார்.

யாருக்கும் உறுத்தாத ஒரு வரி

கதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாயனார் நிலத்தை விற்றார், அடிமைகளை விற்றார் என்ற இடம். சூதுக்குச் சமாதானம் தேடியவர்களுக்கு, மனிதர்களை விற்றதற்குச் சமாதானம் தேடத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் அது சொத்து விற்பனை; அவ்வளவுதான். இன்று அதே வரியைப் படிக்கும் சைவருக்குச் சூதாட்டத்தைவிட அதுதான் அதிகமாக உறுத்தும். சிவபெருமான் மாறவில்லை, புராணம் மாறவில்லை, படிக்கிறவர் மனம் மாறியிருக்கிறது.

எப்படி மாறியது? 1843-ம் ஆண்டு ஐந்தாவது சட்டம், ஒரு மனிதன் இன்னொருவனுக்கு உடைமை என்ற உரிமையை இந்தியக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பண்ணையடிமைத்தனம் வேறு பெயர்களில் நெடுநாள் இருந்தது. இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்து முன்னணியில் நின்றவர்கள் குவேக்கர் என்ற பக்திமிக்க கிறிஸ்தவர்கள். அதே பைபிளைக் காட்டித்தான் அமெரிக்கப் பண்ணை முதலாளிகள் அடிமை முறைக்கு ஆதாரம் சொன்னார்கள். ஒரே வேதம் இரண்டு தரப்புக்கும் சாட்சி சொன்னபோது, எந்தச் சாட்சியை ஏற்பது என்று தீர்ப்புச் சொன்னது எது? வேதத்துக்கு வெளியே இருந்த ஏதோ ஒன்றுதானே!

கிரேக்க நாட்டுச் சாக்ரதீஸ் இதை ஒரு பெரியவரிடம் கேட்டு அவரைத் திணற அடித்ததாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். நல்லது என்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா, அல்லது தேவர்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா என்பது கேள்வி. முதலாவது சரி என்றால், தேவர்களுக்கு முன்பே நன்மை இருக்கிறது. இரண்டாவது சரி என்றால், தேவர்கள் நாளைக்குத் திருட்டை விரும்பினால் திருட்டு நல்லதாகிவிடும். பெரியவர் அவசர வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பலரும் அப்படித்தான் நழுவி வருகிறார்கள்.

தமிழர்களுக்கு இது அத்தனை புதிராக இருக்க வேண்டியதில்லை. அறம் என்றும் சமயம் என்றும் நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நாலடியாரைப் பாடியவர்கள் சமண முனிவர்கள் என்பது மரபு. சமணத்தில் உலகைப் படைத்துக் காக்கும் கடவுள் கிடையாது. வினைப்பயன் உண்டு, மறுபிறப்பும் உண்டு, மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மேஸ்திரி மட்டும் இல்லை. அவர்களிடமிருந்துதான் இந்த நாட்டுச் சைவப் பிள்ளைகளும் வைணவப் பிள்ளைகளும் ஒழுக்கம் படித்தார்கள்.

தோற்றவன் வீடு

இதனால் பக்தர் கட்சி தோற்றது, நாத்திகர் கட்சி ஜெயித்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

1967 மார்ச் 6-ம் தேதி அண்ணாதுரை தலைமையில் தமிழ்நாட்டில் புதிய அமைச்சரவை பதவியேற்றது. கடவுள் பெயரால் ஆணையிடாமல், உளமார உறுதி கூறிப் பதவியேற்ற அமைச்சரவை அது. மறு ஆண்டு, 1968-ல், அந்த அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு ரூபாய்ச் சீட்டு. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். திருவேற்காட்டு நாயனார் இதைக் கேட்டிருந்தால் புன்னகை செய்திருப்பார். அவர் சொன்னதும் இதுதானே! சூது சூதுதான், ஆனால் பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது. அங்கே அடியார் பந்தி, இங்கே அரசாங்கக் கஜானா.

1975-ல் கருணாநிதி அரசு அதை நிறுத்தியது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு திரும்பக் கொண்டுவந்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிச் சீட்டுகளுக்கும் தடை போட்டது. கொண்டுவந்தவர்கள், நிறுத்தியவர்கள் ஆகியோரின் கடவுள் நம்பிக்கையை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு ஒழுங்கும் புலப்படாது. தடைக்கு வழிசெய்தது வேறு. கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போய், வெறுங்கையோடு வீடு திரும்பிய ஆண்களையும், அடுப்பு எரியாத அந்த வீடுகளையும் தமிழ்நாடு பல வருஷங்கள் கண்ணால் கண்டது. அதே கதை கைபேசிக்குள் ரம்மியாக நுழைந்தபோது, 2022-ல் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. ரம்மி அதிர்ஷ்டமா திறமையா என்று கோர்ட்டில் நடந்த வாதங்கள் தனிக் கதை. 2025-ல் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் செய்தது.

இப்போது குடந்தைக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். முதல் ஆட்டத்தில் ஜெயித்து, ஆசைப்பட்டு, மேற்கொண்டு எல்லாவற்றையும் இழந்தவன் ஒருவன் இருந்தானே, அவன் வீட்டில் அன்றிரவு யார் சாப்பிட்டார்கள்? புராணம் அதைச் சொல்லவில்லை. பரிசுச் சீட்டு நியாயமும் அதைச் சொல்லவில்லை. சாமியின் பெயரால் ஆடினாலும் சமுதாயத்தின் பெயரால் ஆடினாலும், எதிரே உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறான். உயர்ந்த காரியம் ஒன்று கையில் கிடைத்ததும் வருகிற கோளாறு இது. நம்பிக்கை உள்ளவனுக்கும் வருகிறது, இல்லாதவனுக்கும் வருகிறது.

கற்பூரமும் சாட்சிக் கூண்டும்

ஜனங்கள் கேட்கும் இன்னொரு நியாயமான கேள்வி, வாக்கைப் பற்றியது. கடவுளை நம்பாதவன் சத்தியம் செய்தால் அதற்கு என்ன பிடிமானம்? கிராமங்களில் கொடுக்கல் வாங்கல் தகராறு முற்றினால், "கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணு" என்பார்கள். கை நடுங்குகிறவன் அங்கேயே உண்மையைச் சொல்லிவிடுவதும் உண்டு. 1689-ல் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவாசிரியர், மதச் சகிப்பைப் பற்றி அருமையாக எழுதிக்கொண்டே வந்து, நாத்திகரை மட்டும் சகிக்க முடியாது என்றார். சத்தியமும் வாக்குறுதியும் அவர்களைக் கட்டுப்படுத்தாதாம்.

இதற்குப் பதில் இங்கிலாந்துப் பார்லிமெண்டிலேயே கிடைத்தது. 1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்த சார்லஸ் பிராட்லா, பைபிள் பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். மறுத்தார்கள். அப்படியானால் பிரமாணமே செய்கிறேன் என்றார். நாத்திகன் பிரமாணம் செல்லாது என்று அதையும் மறுத்தார்கள்! கடிகாரக் கோபுரத்தில் ஓர் இரவு அடைத்தும் வைத்தார்கள். தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886-ல்தான் உள்ளே உட்கார முடிந்தது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. பொய்ப் பிரமாணம் செய்யக் கூசாதவனாக அவர் இருந்திருந்தால், முதல் நாளே வாயை மூடிக்கொண்டு பிரமாணம் செய்துவிட்டு ஆறு வருஷத் தொல்லையைத் தவிர்த்திருக்கலாம். அவருடைய கொள்கைகளைப் பின்பற்றிய ஒரு சங்கம் நம் சென்னையிலேயே இருந்தது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ்ப் பத்திரிகையையும் நடத்தியது.

சுதந்தர இந்தியா இந்த வம்பை நாசூக்காகத் தீர்த்தது. கடவுள் பெயரைச் சொல்லி அரசியல் சட்டத்தின் முகவுரையைத் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17-ல் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்களில் பலர் பக்தர்கள். கடவுளை ஓட்டுக்கு விடுவதே கூடாது என்று சங்கடப்பட்டவர்களும் உண்டு. பதவிப் பிரமாணத்துக்கு மட்டும் இரண்டு வாசகங்களையும் வைத்தார்கள். 1969-ம் ஆண்டுப் பிரமாணச் சட்டம் சாட்சிக் கூண்டிலும் அதே வசதியைக் கொடுத்தது. கடவுள் பெயரால் சொன்ன பொய்க்கும் உளமாரச் சொன்ன பொய்க்கும் தண்டனை ஒன்றுதான்.

சேவாகிராமத்தில் ஒரு கல்யாணம்

சட்டம் இருக்கட்டும்; மனிதர்கள் என்ன செய்தார்கள்? ஆந்திர நாட்டில் கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ், நாத்திகம் பேசியதற்காகக் கல்லூரி ஆசிரியர் வேலையை இழந்தவர். தீண்டாமை ஒழிப்புப் பணிக்காக 1940-ல் நாத்திக மையம் ஒன்றை நிறுவினார். காந்திஜிக்குக் கடிதம் எழுதி, சேவாகிராமத்துக்கே போய் அவரோடு வாதாடினார். ஏறக்குறைய மூச்சுக்கு மூச்சு ராமநாமம் சொன்னவருக்கும், ராமனே இல்லை என்றவருக்கும் நெருக்கம் வளர்ந்தது. கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்த காந்திஜி, அதற்குப் பல வருஷங்கள் முன்பே, சத்தியமே கடவுள் என்று திருப்பிச் சொல்லத் தொடங்கியிருந்தார். அந்த இடத்தில் கோராவும் நிற்க முடிந்தது.

கோரா தம் மகளைத் தீண்டாதார் எனப்பட்ட சமூகத்துப் பையனுக்கு மணம் செய்து கொடுக்க முடிவு செய்தார். கல்யாணத்தைச் சேவாகிராமத்தில் நடத்தித் தரக் காந்திஜி இசைந்தார்; சடங்கில் கடவுள் பெயர் வருமிடத்தில் சத்தியத்தின் பெயரைச் சொல்வதற்கும் இசைந்தார். அந்த நாள் வருவதற்குள் துப்பாக்கிக் குண்டு அவரைக் கொண்டுபோய்விட்டது. 1948 மார்ச்சில் அங்கேயே கல்யாணம் நடந்தது. அப்போது தெருவுக்குத் தெரு இருந்த தெய்வ பக்தர்களில் எத்தனை பேர் அப்படி ஒரு சம்பந்தத்துக்கு முன்வந்திருப்பார்கள்?

ஆனாலும் பக்தி வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. நல்லது எது என்று தெரிந்திருப்பது ஒன்று. அதைத் தினமும் செய்வது இன்னொன்று. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் வேதபாடசாலை மாணவர்கள் 40 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையின் முடிவு 1973-ல் வெளியாயிற்று. பிரசங்கம் செய்யப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவன் முனகிக்கொண்டு விழுந்து கிடக்கும்படி ஏற்பாடு. அவகாசம் இருந்த மாணவர்களில் நூற்றுக்கு 63 வீதம் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 வீதம்தான். அடிபட்டவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றியே பிரசங்கிக்கப் போனவர்களும் இதற்கு விலக்கல்ல. நல்ல உபதேசம் நெஞ்சில் இருந்தும், கால்களை ஓட்டியது கடிகாரம்.

கோயில் பந்தியும், தர்காக் கஞ்சியும், மாதா கோயில் அன்னதானமும் செய்கிற உபகாரம் இந்த இடத்தில்தான். அவசரமும் சோம்பலும் தலையிடுவதற்கு முன்பே நாளும் நேரமும் குறித்து உலை வைத்துவிடுகிறார்கள். தனி மனிதன் மனம் வந்தால் கொடுப்பான். பந்தி மனம் வராத நாளிலும் நடக்கும். நம்பிக்கையில்லாதவர்கள் தங்களுக்கென்று இப்படி ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வதில் பொதுவாகப் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். கோரா போன்றவர்களைப் பற்றி இந்தக் குறையைச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் சிலர்தான்.

மூர்க்க நாயனாரின் குருபூசை கார்த்திகை மாதம் மூல நட்சத்திரத்தில் வருகிறது. அந்த நாளில் அவர் கதையைச் சொல்கிறவர்கள், பணத்தைத் தொடாத கையையும் கடைசிப் பந்தியையும் மறவாமல் சொல்கிறார்கள். குடந்தையில் தோற்றுப்போன ஆளையும், விற்கப்பட்ட அடிமைகளையும் சேர்த்துச் சொல்லலாம். அவர்களுக்கும் பெயர் இல்லை. நாயனாருக்கும் பெற்றோர் இட்ட பெயர் கிடைக்கவில்லை.